கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

பாட்டைப் பதிவு செய்பவனுக்கு ஊரார் குரலெல்லாம் காதுக்குள்ளே. ஊரார் மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்தவர் மூச்சைக் கேட்டே காலம் தள்ளும் சக பாவிகளுக்கு நான் சொல்வது புரியும்.

கள்ளக்குறிச்சியில் ஒரு மாடியில் நானும் சேகரும் சேர்ந்துதான் ஸ்டுடியோ தொடங்கினோம். அவன் பாடுவான், கீபோர்டு வாசிப்பான். நான் மெஷினைப் பார்த்துக்கொள்வேன். போன வருஷம், "சினிமாவுல பாடினப்புறம்தான்டா உன் மூஞ்சில முழிப்பேன்" என்று சென்னைக்குக் கிளம்பிவிட்டான். இப்போது கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. சினிமா கிடக்கட்டும், அவன் திரும்பி வந்தால் போதும் என்றிருக்கிறது எனக்கு.

சுருதி

அண்ணன் மகள் கல்யாணத்துக்குத் தானே பாடிய பாட்டு ஒலிக்க வேண்டும் என்று ஒருவர் வந்தார். பல்லவி ஒரு சுருதி, சரணம் ஒரு சுருதி. திரும்பப் பாடச் சொன்னாலும் அதே கதை. "கொஞ்சம் விலகுதுங்க" என்றேன் மெதுவாக. அவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு எழுந்தார். "பாட்டை நான் பாடிட்டேன் தம்பி. சுருதிய நீ போட்டுக்க."

அவர் போனதும் சேர்ந்து சிரிக்கப் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். காலியாக இருந்தது.

ஆலைச் சத்தம்

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைத் தொழிலாளி ஒருவர். கரும்பு அரைக்கும் மெஷின் பக்கத்தில் நின்று பாடினால் எல்லோரும் சொக்கிப்போவார்களாம். பாடும் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். வாயைத் திறக்கிறார், மூடுகிறார். வியர்த்துக் கொட்டுகிறது. சொந்த நெஞ்சு அடிப்பது கேட்குமளவுக்கு அமைதியான அறை. கடைசியில் அவர் செல்போனில் இருந்த ஆலை வீடியோவின் இரைச்சலை அவர் ஹெட்போனுக்குள் ஓட விட்டேன். குரல் கணீரென்று வந்தது. வெளியே வந்தவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தெனம் இங்கயா சார் தனியா குந்திக்கினு இருக்கீங்க? எனக்கு இதுக்கே பயமாப் பூடுச்சு."

ஒரே மைக்

வெள்ளிமலையிலிருந்து அண்ணியும் நாத்தனாரும் வந்தார்கள். சாமை அறுக்கும்போது பாடும் பாட்டு. தனித்தனியாகப் பாடவைத்து ஒட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். அதனால் அண்ணியை மட்டும் உள்ளே அனுப்பினேன். ஒரு அடி பாடிவிட்டு நின்றுவிட்டார். அடுத்த அடியை எடுக்க எதிரே ஆள் வேண்டுமாம். தானே தொடர்ந்து பாடினால் அது பாட்டே இல்லையாம். இருவரையும் ஒரே மைக் முன்னால் நிறுத்தினேன். கையைக் கோத்துக்கொண்டு தடங்கலில்லாமல் பாடி முடித்தார்கள். கிளம்பும்போது அண்ணி அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார். "உனக்கு அடுத்த அடி எடுக்க ஆளு இல்லியா தம்பி?"

கசிவு

கச்சிராயபாளையம் சேகரின் சொந்த ஊர். அந்த ஊர்த் திருவிழாவுக்கு ஒரு அம்மன் பாட்டு. பாட வந்தவர் காது சற்று மந்தமான விவசாயி. பாடகருக்கு மெட்டு பிடிபட வேறொருவர் மாதிரிக்குப் பாடி வைப்பார்; ட்ராக் என்போம். இந்தப் பாட்டுக்குச் சேகர் போவதற்கு முன்பே பாடி வைத்திருந்தான். "சத்தம் இன்னும் ஜாஸ்தி வைப்பா" என்று விவசாயி கேட்கக் கேட்க ஏற்றினேன். ஹெட்போனிலிருந்து சேகரின் குரல் கசிந்து மைக்கில் ஏறிவிட்டது. விவசாயி நடுவில் மூச்சு வாங்கும் இடங்களிலெல்லாம் பின்னால் சன்னமாகச் சேகர். அதைத் துடைத்துக் கொடுப்பதுதான் தொழில். எனக்கு மனசு வரவில்லை. அப்படியே கொடுத்துவிட்டேன்.

திருவிழா அன்று காலை செல்போன் அடித்தது. சேகர்! ஊருக்கு வந்து ஒரு வாரமாகிறதாம். சான்ஸ் ஒன்றும் அமையாத வெட்கத்தில் வெளியே தலைகாட்டாமல் இருந்திருக்கிறான். அவனுக்குப் பின்னால் கோயில் ஸ்பீக்கரில் அதே பாட்டு. "டேய், வூட்லயே மறைஞ்சிக்கினு இருக்கலாம்னு பாத்தா ஊரு பூரா என் குரலு கேக்குதுடா. ஒண்ணு பாட்டுலேர்ந்து என்னை வெளிய எடுத்துடு, இல்ல நான் ஸ்டுடியோ உள்ள வந்துடறேன்."

வெளிச்சத்தம் புகாமல் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய நான், கச்சிராயபாளையம் பஸ்ஸின் ஹாரன் கேட்பதற்காகக் கதவை விரியத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.