மாஜிதாவின் பதினொன்றரை மணித் தொழுகை

என் அக்கா மாஜிதாவுக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலைதான் சோறு போட்டது. உட்கார்ந்தே இருந்தால் உயிர் போய்விடும் என்று பயமுறுத்தியதும் அதே வேலைதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் சேதுபதி அண்ணாச்சியின் டைப்பிங் கடை. வக்கீல்கள் தாவா, மனு எல்லாம் அங்கேதான் அடிக்கக் கொடுப்பார்கள். காலையில் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் இருட்டும்வரை அக்கா எழமாட்டாள். சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டாள். குடித்தால் போகவேண்டி வருமே! அந்தச் சந்தில் ஆம்பளைகளுக்கு எல்லாச் சுவரும் கக்கூஸ், பொம்பளைகளுக்கு ஒரு மறைவும் கிடையாது. இதை யாரும் ஒரு குறையாகவே பேசவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பத்தெட்டாம் வருஷம் அவளுக்கு இடது கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தது. சுளுக்கு என்று அம்மா நல்லெண்ணெய் காய்ச்சி உருவி உருவி விட்டாள். வீக்கம் தொடைக்கு ஏறிய பிறகுதான் ராஜபாளையத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். "உருவினது யாரு?" என்று அவர் போட்ட சத்தத்தில் அம்மா என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டாள். காலுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, உருவினால் அந்தக் கட்டி பெயர்ந்து மேலே போய் நெஞ்சில் அடைத்துக்கொள்ளும் என்றார். அங்கிருந்து மதுரை ஆஸ்பத்திரி. ஊசியும் மாத்திரையுமாக ஒருவழியாகத் தேறி வந்தாள்.

மறுபடி காட்டப் போனபோது டாக்டரம்மா கறாராகச் சொன்னார். "மாத்திரை மட்டும் காப்பாத்தாது. மணிக்கு ஒருக்கா எந்திரிச்சு செத்த நேரம் நடக்கணும். உக்காந்திருக்கையில பாதத்த மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே இருக்கணும். தண்ணி நல்லாக் குடிக்கணும். ஒரு தடவ கட்டுன கால்ல மறுபடியும் கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா வேறொரு கட்டளை போட்டாள். "கால் விசயம் வெளிய தெரியப்படாது. நோவுக்காரின்னு பேர் வந்துட்டா எவன் கட்டுவான்?" ராஜபாளையத்தில் ஒரு சம்பந்தம் பேச்சில் இருந்தது.

ஆக, நடக்கவும் வேண்டும், ஏன் நடக்கிறாள் என்று சொல்லவும் கூடாது. கடையில் பாதத்தை ஆட்டினாள். "காலாட்டாத தாயி, கடைக்கு ஆகாது" என்றார் அண்ணாச்சி. தண்ணீர் குடித்தாள். அடுத்த தெருவில் பால்கோவா கிண்டும் வெள்ளத்தாய் வீட்டில் கக்கூஸ் இருந்தது. மணிக்கொரு தரம் அங்கே போய்வந்தால் நடந்ததும் ஆயிற்று. "எங்க தாயி போற?" என்று அண்ணாச்சி கேட்டபோது ஆம்பளையிடம் எப்படிச் சொல்வது என்று கூசி, "தொழுதுட்டு வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டாள்.

சாமி காரியத்தில் குறுக்கே நிற்க அண்ணாச்சிக்குப் பயம். "போயிட்டு வா. எனக்கும் சேத்துக் கேளு." முதலில் மகள் கல்யாணத்துக்குக் கேட்கச் சொன்னார். பிறகு மழைக்கு, அதற்கும் பிறகு அவருடைய மூலத்துக்கு. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காவால் சிரிக்க முடியவில்லை. அல்லா பேரில் பொய் சொல்கிறோமே என்று பயந்தாள். நெஞ்சு லேசாகப் படபடத்தாலும் கட்டி ஏறிவிட்டதோ என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். எனக்கும் சோறு இறங்காது.

ஒருநாள் அவள் மறந்துவிட்டுப் போன மாத்திரையைக் கொடுக்கக் கடைக்குப் போனேன். அக்கா இல்லை. பத்திரம் அடிக்க வந்த ஹுமாயூன் என்ற பருத்தி வியாபாரி உட்கார்ந்திருந்தார். பேச்சில் இருந்த மாப்பிள்ளைக்கு அவர் தாய்மாமன்.

"செத்த இருங்க பாய், தொழப் போயிருக்கு" என்றார் அண்ணாச்சி.

ஹுமாயூன் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொன்றரைக்கு என்ன தொழுகை? மதியத் தொழுகைக்கே இன்னும் நேரம் ஆகலையே?"

"பத்தரைக்கும் தொழுதுச்சே!"

அக்கா உள்ளே வந்தாள். இருவரும் அவளையே பார்த்தார்கள். அவள் முகம் சிவந்துபோயிற்று. "கக்கூசுக்குப் போனேன்" என்றாள்.

அண்ணாச்சி வெட்கத்தில் குறுகிப்போனார். ஹுமாயூன் சிரித்துவிட்டு, கூச்சத்தில் சொன்ன பொய்தானே என்று விட்டுவிட்டார். சம்பந்தப் பேச்சு கெடவில்லை. அடுத்த மாதமே அண்ணாச்சி கடைக்குப் பின்னால் ஒரு கக்கூஸ் கட்டி முடித்தார். "இனிமே நீ தெருத்தெருவா அலைய வேண்டாம் தாயி. நாலு எட்டுல போயிட்டு வந்து உக்காந்துக்கிறலாம்."

நல்ல மனுசன் செய்த நல்ல காரியம். ஆனால் அக்காவுக்கு வெளியே போக இருந்த ஒரே சாக்கும் போயிற்று. சில நாட்களிலேயே இடது கால் மறுபடி கனக்கத் தொடங்கியது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதியச் சோற்றை நானே கொண்டுபோய் அவள் காலைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அப்படிப் போயிருந்த ஒரு மதியம், அக்கா சட்டென்று எழுந்து வாசலுக்கு நடந்தாள். வேறொரு பத்திரம் அடித்து வாங்க வந்திருந்த ஹுமாயூனும் அங்கே இருந்தார்.

"இப்ப எங்க தாயி? பின்னாலதான கட்டியிருக்கேன்?"

"நடக்கப் போறேன் அண்ணாச்சி."

"எதுக்கு?"

அக்கா ஹுமாயூனைப் பார்த்தாள். இன்னும் ஒரே ஒரு பொய் சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"எனக்குக் கால்ல ரத்தம் கட்டும். உக்காந்தே இருந்தா அது நெஞ்சுக்கு ஏறிச் செத்துருவேன். மணிக்கு ஒருக்கா நடக்கணும், உக்காந்தா கால ஆட்டணும். கடைக்கு ஆகாதுன்னா ஆகாமப் போகட்டும்."

அண்ணாச்சி திகைத்துப்போய், "அப்ப நான் எதுக்குத் தாயி கக்கூஸ் கட்டுனேன்?" என்றார்.

"அதுவும் வேணும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அக்கா தெருவில் இறங்கினாள். ஹுமாயூன் பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

அந்த வாரமே ராஜபாளையத்திலிருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஒரு வார்த்தையில எல்லாத்தையும் கெடுத்துக்கிட்டியேட்டி!"

அக்கா செம்புத் தண்ணீரை அண்ணாந்து முழுக்கக் குடித்தாள். "நான் உசுரோட இருந்தாத்தானம்மா இன்னொருத்தன் பொண்ணு பாக்க வருவான்?" என்றாள்.