படிவத்தில் மாறிப்போன தேதி

தொண்ணூறுகளின் கடைசியில், தேனாம்பேட்டையில் ஒரு கண் மருத்துவமனைக்கு இணையதளம் செய்து கொடுத்தேன். முன்பதிவுப் படிவத்தில் தேதியைத் தட்டச்சு செய்யவேண்டும். அமெரிக்காவில் இருந்த ஒருவர், பாலவாக்கத்தில் இருந்த தன் அம்மாவின் கண் அறுவைக்கு மே நான்காம் தேதியை அந்த ஊர் வழக்கப்படி மாதத்தை முதலில் வைத்து 5/4 என்று போட்டார். இங்கே அது ஏப்ரல் ஐந்தாகப் பதிவானது.

மே நான்காம் தேதி அந்த அம்மா தனியாக வந்தார். நான் வரவேற்பறைக் கம்ப்யூட்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க தேதி போன மாசமே போயிடுச்சும்மா" என்றாள் வரவேற்புப் பெண்.

"பையன் சரியாத்தான் சொல்லியிருப்பான். எனக்குத்தான் காதுல தப்பா விழுந்திருக்கு" என்றார் அவர்.

தப்பு என் படிவத்தில்தான் என்று சொல்லாமலே அவருக்கு ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். அந்த வாரமே, தேதிப் பெட்டியில் க்ளிக் செய்ததும் மாதப் பெயரோடு ஒரு சின்ன காலண்டர் திறக்கும்படி செய்தேன். மருத்துவமனையில் எல்லோரும் பாராட்டினார்கள். அந்த அம்மாவுக்கு அடுத்த தேதி கிடைக்க இரண்டு மாதம் ஆனது.