மருமகளோடு அனுப்பிய கண்ணாடிச் சாமான்

என் மகன் இறந்த மூன்றாம் வருடம், என் மருமகளுக்கு நானே மாப்பிள்ளை பார்த்தேன். கோவையில் எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் போய் முதலில் வாய் திறந்தவள் நான்தான்.

மகனுக்கு முப்பத்து மூன்று வயது. பம்பு கம்பெனியில் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கல்யாணமாகி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. மருமகளுக்கு அப்போது இருபத்தொன்பது. அவளைப் பெற்றவர்கள் முன்பே போய்விட்டார்கள். அதனால் எங்களோடேயே இருந்தாள். காலையில் ஸ்கூலுக்கு வேலைக்குப் போவாள், சாயங்காலம் வந்து எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் காபி போடுவாள். அவளுக்குக் கடைசிவரை நாங்கள் இருக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில்தான் சாமியாரிடம் போனேன்.

உடுமலைப்பேட்டையில் இருந்து ஒரு வரன் வந்தது. தேங்காய் மண்டி வைத்திருக்கிறவர். அம்மா மட்டும் கூட இருக்கிறார். பார்த்தோம், பேசினோம், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். மருமகள் ஒரு மாதம் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. முதல் ஞாயிறு அவள் பெயரை வாசித்தபோது, காலஞ்சென்ற இன்னாரின் விதவை என்று என் மகன் பெயரும் கூடவே வந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். அடுத்த ஞாயிறு யாரும் அதிகம் வராத விடியற்காலைப் பூசைக்குப் போனோம். அங்கேயும் வாசித்தார்கள்.

சாமான்களைக் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் அனுப்புவதாக ஏற்பாடு. துணிமணி, புத்தகம், அவள் தையல் மிஷின் எல்லாவற்றையும் அவளே கட்டிக்கொண்டாள். கண்ணாடிச் சாமான் மட்டும் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டில் கண்ணாடிச் சாமான் நிறைய. என் மகனுக்கு அதில் ஒரு பைத்தியம். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தால், "இதுல குடிச்சா தண்ணி கண்ணுக்கே தெரியறதில்லீம்மா" என்பான். கல்யாணமானதில் இருந்து சம்பளம் வந்ததும் இரண்டு பேரும் டவுன்ஹால் பக்கம் போய் மாதம் ஒரு சாமான் வாங்கி வருவார்கள். நீல விளிம்பு வைத்த ஜக்கு, ஜூஸ் கிளாஸ்கள், பாயசக் கிண்ணங்கள், கிறிஸ்துமஸுக்கு நான் போடும் திராட்சை ஒயினை ஊற்ற ஒல்லியான கால் வைத்த எட்டு கிளாஸ்கள். ஹாலில் ஷோகேஸ் நிறைந்துவிட்டது.

கண்ணாடியைக் கட்டுவது எனக்குத் தொழில். பெண்கள் கல்லூரி ஒன்றில் கெமிஸ்ட்ரி லேபில் இருபத்தாறு வருடம் உதவியாளராக இருந்தேன். லேபைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றியபோது பீக்கர், பிளாஸ்க், பியூரெட் எல்லாம் என் கையால்தான் கட்டினேன். ஒரு குழாய்கூட முனை உடையவில்லை.

மளிகைக் கடையில் இருந்து பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டிகளாகப் பொறுக்கி வாங்கி வந்தேன். பெரிய பெட்டி கூடாது. பெரிதாக இருந்தால் தூக்குகிறவன் தடுமாறுவான். அடியில் கசக்கிய பேப்பரை நாலு விரல் உயரத்துக்குப் பரப்பினேன். ஒவ்வொரு கிளாஸுக்குள்ளும் பேப்பரை அடைத்து, பிறகு வெளியே இரண்டு சுற்று. கால் வைத்த கிளாஸ்களுக்குக் காலைத் தனியாகச் சுற்றி, அதன்பின் முழுவதையும் சுற்ற வேண்டும். உடைகிற இடம் அந்தக் கால்தான். எதையும் படுக்கவைக்கக் கூடாது. தட்டுகளைக்கூட விளிம்பில் நிற்கவைத்தேன், புத்தகம் அடுக்குகிற மாதிரி. அடுக்குக்கு நடுவே பழைய சென்னிமலைப் பெட்ஷீட்டைக் கிழித்து மடித்து வைத்தேன். மூடியதும் பெட்டியை லேசாகக் குலுக்கிப் பார்ப்பேன். உள்ளே சத்தம் வந்தால் எங்கோ இடம் காலியாக இருக்கிறது. பிரித்து, இன்னும் அடைத்து, மறுபடி குலுக்குவேன்.

மூன்று நாள் அப்படிக் கட்டினேன். ஆறு பெட்டி. மார்க்கர் பேனாவால் நாலு பக்கமும் "கண்ணாடி" என்று எழுதினேன். அந்த மூன்று நாளும் மருமகள் ஸ்கூலில் இருந்து வந்து, வாசல் பக்கம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். என்னைப் பிரிகிற வருத்தம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டும்போது அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, இதெல்லாம் இங்கயே இருக்கட்டுமுங்க."

"எதுக்கு கண்ணு? அத்தனையும் உங்க ரெண்டு பேரோடதுதான. எனக்கும் மாமாவுக்கும் ரெண்டு டம்ளர் போதும்."

"அதுக்கில்லீங்க." டேப்பின் ஓரத்தை நகத்தால் நீவினாள். "அங்க போயி, இந்தக் கிளாசுல அவருக்கு எப்படீங்க தண்ணி குடுப்பேன்?"

சொன்னது புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் என் வாய் நிற்கவில்லை.

"அப்ப எம்பையன் தொட்டதெல்லாம் உனக்கு வேண்டாததாப் போயிருச்சா?"

அவள் முகம் வெளுத்துப்போனது. உள்ளறையில் இருந்து என் வீட்டுக்காரர், "என்ன பேச்சு பேசற நீ" என்று சத்தம் போட்டார். அவள் எழுந்து போய்ப் படுத்துவிட்டாள். நான் போய்க் கூப்பிட்டிருக்கலாம். போகவில்லை. என் மகனுக்காக யாராவது கோபப்பட வேண்டும் என்று அப்போது தோன்றியது.

மறுநாள் காலை சாமான் ஏற்றுகிற சின்ன யானை வேன் வந்தது. டிரைவர் துணி மூட்டை, மிஷின் எல்லாவற்றையும் ஏற்றி முடித்தார். ஆறு பெட்டிகளையும் அவரைத் தொடவிடாமல் மருமகளே ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் வைத்தாள். நான் கதவோரம் நின்றேன். ஒவ்வொரு தடவையும் என்னைத் தாண்டித்தான் போனாள்.

கல்யாணத்தில் தாய் இடத்தில் நான்தான் நின்றேன். காலில் விழுந்தாள், நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினேன். அந்தப் பேச்சைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒரு வாரம் கழித்துப் போன் செய்து, "கண்ணாடி எல்லாம் எப்படி இருக்குது கண்ணு?" என்றேன். "ஒண்ணும் ஆகலீங்க அத்தை" என்றாள்.

நாலு மாதம் கழித்து உடுமலைப்பேட்டைக்குப் போனோம். மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டுக்கே வந்து பையை வாங்கிக்கொண்டார். அவர் அம்மா என்னைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், "வாங்க, உங்க மக ஊடுதான் இது" என்றார். எவர்சில்வர் டம்ளரில் மோர் கொடுத்தார்கள். ஹாலில் அந்த அம்மாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். சமையலறையில் இருந்து மருமகள், "அத்தை, பருப்புக்கு உப்பு போட்டுட்டீங்களா?" என்று கேட்டாள்.

"என்ன கண்ணு?" என்றேன் நான்.

"போட்டாச்சு அம்மணி" என்றார் அந்த அம்மா.

இரண்டு குரலும் ஒரே நேரத்தில் வந்தன. அந்த அம்மா என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். கை கழுவப் போகிற மாதிரி எழுந்து பின்பக்கம் போனேன். அங்கே ஒரு சின்ன அறை, கதவு திறந்திருந்தது. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஆறு பெட்டியும் நின்றன. நான் ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது. தூசி மட்டும் துடைத்திருந்தாள்.

மருமகள் தேடிக்கொண்டு வந்தாள். நான் அழுவதைப் பார்த்ததும் அவளும் அழுதாள்.

"அன்னிக்கு நான் பேசுனது தப்பு கண்ணு."

"விடுங்க அத்தை."

"உன்னைய சுமக்க வெச்சுட்டேன். நான் திருப்பி எடுத்துட்டுப் போயிடறேன்."

"எனக்கும் பிரிச்சுப் பாக்கத் தைரியம் வரலீங்க. வேண்டாம்னு அனுப்பவும் மனசு வரலீங்க. அவரு ஒரு வார்த்த கேக்கலீங்க அத்தை, பெட்டில என்னன்னு. எழுத்தப் படிச்சிருப்பாருல்ல. கேக்காமயே இருக்கறாரு. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்குது."

சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளையிடம், பெட்டிகளை நாங்கள் கொண்டு போகிறோம் என்றேன். அவர் மருமகளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். மண்டிக்கு வரும் வண்டி ஒன்றைச் சொல்லி வரவழைத்தார். பெட்டிக்கு அடியில் தென்னை நாரைப் பரப்பி, தானே அணைத்துத் தூக்கி வைத்தார். "மெதுவாப் போங்க, பள்ளத்துல பாத்து" என்று டிரைவரிடம் மூன்று தரம் சொன்னார்.

வீட்டில் அடுத்த நாள் பிரித்தேன். ஆறு பெட்டியிலும் ஒன்றுகூட உடையவில்லை. கீறல்கூட இல்லை. பேப்பரை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, கழுவி, துடைத்து ஷோகேஸில் வைக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. வைத்து முடித்து நிமிர்ந்து பார்த்தபோது, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அதுவரை யாரோ வரப்போகிறார்கள் என்கிற மாதிரி வேலை செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஷோகேஸில் வைத்துப் பூட்டுவதற்கு எனக்கு மனமில்லை. அடுத்த நாளில் இருந்து அந்தக் கிளாஸ்களிலேயே தண்ணீர் குடிக்க ஆரம்பித்தோம். இரண்டாவது வாரம் என் வீட்டுக்காரர் கழுவும்போது ஒன்று கை நழுவித் தொட்டியில் விழுந்தது. குழாயை மூடாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். நான் திட்டுவேன் என்று நினைத்திருக்க வேண்டும். கிட்டே போனால், சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தார். "தள்ளுங்க, கையில குத்திப்போடும்" என்று அவரை நகர்த்திவிட்டு, துண்டுகளைப் பொறுக்கிப் பேப்பரில் மடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகள் போன் செய்வாள். முன்பெல்லாம் வாராவாரம், இப்போது சில வாரம் தவறிப்போகிறது. கிளாஸ் உடைந்த அந்த வாரம் ஞாயிறு மறக்காமல் கூப்பிட்டாள். மாமா மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அத்தை, கிளாசெல்லாம் பத்திரமா இருக்குதுங்களா?" என்றாள்.

"இருக்குது கண்ணு. எல்லாம் அப்படியே இருக்குது" என்றேன்.