தோள்மூட்டுப் பொருந்திய கோட்டு

கோட்டு ஒன்றைக் கையில் எடுத்தால் யோகராஜா முதலில் விலையைப் பார்ப்பதில்லை. தோள்மூட்டைப் பார்ப்பார். பிறகு உள்லைனிங்கைத் திருப்பிப் பார்ப்பார், அக்குளை முகர்ந்து பார்ப்பார், சன்னலடிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடிப்பார். "தோள் பொருந்தினால் எடுக்கலாம் அண்ணை. மிச்சமெல்லாம் ஊசியும் நூலும் பாக்கும்" என்பார். இதெல்லாம் நடப்பது வெள்ளைக்காரர் கூடுதலாக இருக்கும் டல்விச்சில், தருமத்துக்காகப் பழைய உடுப்பு விற்கும் ஒரு சரிட்டிக் கடையில். அவர் இருக்கும் டூட்டிங்கிலும் இப்படிக் கடைகள் உண்டு. ஆனால் அங்கே கதவைத் திறந்தால் யாராவது தெரிந்த முகம் நிற்கும். அதனால் பஸ் மாறி இங்கே வருகிறார்.

பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. முன்பு ஜேர்மனியில் ஒரு லோன்றியில் கோட்டு அயர்ன் பண்ணியவர். நல்ல துணி எது என்று விரல் அங்கேதான் பழகியதாம். சனி, ஞாயிறில் எங்கள் ஆட்களின் மண்டபங்களில் மினுங்காத ஆள் அவர் ஒருவர்தான். மற்றவர்கள், நானும்தான், சோடனை லைட் மாதிரி நிற்க, அவர் சாம்பல் நிறக் கோட்டோடு ஒரு ஓரமாக நிற்பார். சட்டை மட்டும் புதிதாக வாங்கியது. தெரியாதவர்கள் வங்கி மனேஜர் என்று நினைத்துக்கொள்வார்கள். எவ்வளவு வெக்கை என்றாலும் கோட்டைக் கழற்றமாட்டார். "எங்கை எடுத்தனீங்கள்?" என்று யாராவது கேட்டால் கழுத்து வியர்த்துவிடும். "சும்மா ஒரு கடையிலை" என்று சொல்லிக்கொண்டே சாப்பாட்டு வரிசைக்கு நழுவிவிடுவார்.

கூச்சம் மட்டும் காரணமல்ல. சரிட்டிக் கடைக்கு வரும் உடுப்பில் பாதி செத்தவர்களுடையது என்று அவருக்கு ஒரு பயம். அதைப் போட்டுக்கொண்டு நல்ல காரியத்துக்குப் போகலாமா? மனைவி கமலாம்பிகைக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகும். அதனால் காசு கொடுக்கும் முன் கல்லாவில் இருக்கும் ஏஞ்சலாவிடம் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி கேட்பார்: இதைத் தந்தவர் உயிரோடு இருக்கிறாரா? ஏஞ்சலா வயதான வெள்ளைக்காரி, நல்ல மனுசி. மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, "அவர் மெலிந்துவிட்டாராம்" என்பாள். வருடக்கணக்காக இதே பதில். டல்விச்சில் இத்தனை பேரா மெலிகிறார்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். "அதுகள் ஜிம்முக்குப் போற சனம் அண்ணை" என்றார், முழு நம்பிக்கையோடு.

மகள் கோசிகாவுக்கு நிச்சயதார்த்தம் முற்றானதும் என்னையும் கடைக்குக் கூட்டிப்போனார். மாப்பிள்ளை பகுதி எல்லோரும் டொக்டர்மார். "அப்பா, பிளீஸ், டீசண்டா வாங்கோ" என்று மகள் பதற்றத்தில் சொல்லிவிட்டாள். மனிதர் அதோடு நித்திரையைத் தொலைத்துவிட்டார். "நான் டீசண்டா இல்லையோ அண்ணை?" என்று பஸ்ஸில் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அன்று கிடைத்தது ஒரு கருநீலக் கோட்டு. அளவெடுத்துத் தைத்தது போலத் தோளில் உட்கார்ந்தது. கண்ணாடியில் அவரைப் பார்த்து எனக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது. ஆனால் கல்லாவில் ஏஞ்சலா இல்லை; புதிதாக ஓர் இளம்பெண். இவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவளுக்கு மறைக்கத் தெரியவில்லை. பாவம், அண்மையில்தான் இறந்தாராம், மனைவி கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார் என்றாள்.

யோகராஜா கோட்டைக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே கொழுவினார். வெளியே வந்தோம். பஸ் வந்தது, அவர் ஏறவில்லை. "உது மாதிரி இன்னொண்டு கிடைக்காது" என்றார். பிறகு குரலை இறக்கி, "பிள்ளைக்கு ஒண்டும் வராதெல்லே?" என்று கேட்டார். வழக்கமாக இதற்கெல்லாம் சிரிப்பவன் நான். அன்று சிரிப்பு வரவில்லை. ஒன்றும் வராது என்றேன். திரும்பிப் போய் வாங்கிக்கொண்டு வந்தார்.

மனைவி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, அதைக் குளியலறையில் கொழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தாராம். வெளியே கறை பிடிக்கும் என்று லைனிங்கில் மட்டும்.

நிச்சயதார்த்தம் குரோய்டனில் ஒரு மண்டபத்தில். யோகராஜா உள்ளே வந்தபோது மாப்பிள்ளையின் தகப்பன் எழுந்து வந்து கைகொடுத்தார். கோசிகா அவர் தோளில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டு, "சுப்பர் அப்பா" என்றாள். அவருக்குச் சிரிக்கவும் வரவில்லை. மேடையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தார்.

தட்டு மாற்ற ஐயர் கூப்பிட்டார். வீடியோக்காரன் விளக்கைத் திருப்பினான். யோகராஜா எழுந்து ஓர் அடி வைத்தார், நின்றார். கோட்டின் பொத்தான்களைக் கழற்றினார். "இதை ஒருக்கா வைச்சிருங்கோ அண்ணை" என்று என் மடியில் போட்டார். லைனிங்கில் மஞ்சள் புள்ளிகள். அவசரமாக மடித்து மறைத்தேன். மேடையில் கோசிகாவின் முகம் மாறியது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டும், புதுச் சட்டையின் கைப்பொத்தானை ஒருமுறை தடவிச் சரிபார்த்துக்கொண்டு போய், தட்டுக்கு இரண்டு கையையும் நீட்டினார்.