மடி விட்ட மேகம்

யுத்த காலத்துப் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. பின்னால் ஒரு கரி அடுப்பு, அதைக் கிளறிவிட ஓர் ஆள், மேடு வந்தால் தள்ளுவதற்குப் பிரயாணிகள். சித்திரைக் கடைசியில் ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு நாமக்கல்லில் அப்படியொரு பஸ்ஸில் ஏறினேன். சேந்தமங்கலம் ஏழு மைல். டிக்கெட் இரண்டரை அணா. வழியில் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். அதற்காகக் கண்டக்டர் காலணாக்கூடக் குறைத்துக்கொள்ளவில்லை.

நான் திருச்சியில் டிராயிங் வாத்தியார். கொல்லிமலையைப் படமாக எழுதிக்கொண்டுதான் திரும்புவேன் என்று வீட்டில் ஜம்பமாகச் சொல்லிவிட்டு வர்ணப் பெட்டியோடு கிளம்பியிருந்தேன். என் மனைவி, "மலை ஏறி முடித்தால் ஒரு வரி எழுதிப் போடுங்கள்" என்று மட்டும் சொன்னாள். என் தொந்தியை அவள் அறிவாள்.

சேந்தமங்கலத்திலிருந்து மலையடிவாரமான காரவள்ளிக்குக் கட்டை வண்டி. அங்கே சுமைதூக்க எனக்கு வாய்த்தவன் சடையன். மலைமேல் வாசலூர்பட்டிப் பக்கத்துக் குடியானவன், முப்பது வயதிருக்கும். முந்தின நாள் மிளகு மூட்டையைக் கீழே இறக்கிவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்ப இருந்தவன். எட்டணாக் கூலிக்கு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். இன்று ஏற்றிவிட்டு, இரவு தங்க இடம் கொடுத்து, நாளை இறக்கிவிட வேண்டும் என்று பேச்சு.

எட்டு மணிக்கு ஏற ஆரம்பித்தோம். ஒற்றையடிப் பாதை; கல்லும் வேரும்தான் படிகள். நான் பத்தடிக்கு ஒருதரம் காட்சியை ரசிக்கிற பாவனையில் நின்று மூச்சு வாங்கினேன். சடையன் பேசிக்கொண்டே ஏறினான்.

அவன் பேச்செல்லாம் சாமை விதையைப் பற்றித்தான். மலையில் முதல் மழைக்கு ஒரு நாள் முன்னதாகவே புழுதியில் விதைத்துவிடுவார்களாம். மழையோடு விதை முளைத்தால் களைக்கு முந்திக்கொள்ளும். மழை ஏமாற்றிவிட்டாலோ, விதையை எறும்பு சுமந்துகொண்டு போய்விடும். போன வருஷம் சடையனுக்கு அதுதான் நடந்தது. மேகத்தை நம்பி விதைத்தான். இடி உறுமிவிட்டு நாமக்கல் பக்கம் நகர்ந்தது. வருஷம் முழுக்கக் காட்டுக் கிழங்கைத் தின்று காலம் தள்ளினார்கள். இந்தத் தடவை அவன் மனைவி பாவாயி தன் பிறந்த ஊரில் கேட்டு மூன்று வள்ளம் விதை அளந்து வாங்கி வந்திருக்கிறாள். அதை விட்டால் வேறு விதை கிடையாது. "நான் வந்து வானத்தைப் பார்த்துச் சொல்ற வரைக்கும் கூடையைத் தொடாதே" என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தானாம். நான் உம் கொட்டினேன். என் கவலை எனக்கு. முழங்கால் இரண்டும் தனித்தனியே அழுதுகொண்டிருந்தன.

பன்னிரண்டரைக்குச் சோளக்காடு. கட்டுச் சோறு தின்று, சற்றுக் கண் அயர்ந்து, மறுபடி நடந்தோம்.

மூன்று மணிக்கு மேற்கே பள்ளத்தாக்கைப் பார்த்த ஒரு பாறைக்கு வந்தோம். அண்ணாந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். காலையில் சிறு சிறு தூபிகளாக இருந்த மேகங்கள் ஒன்றுசேர்ந்து நெட்டுக்குத்தாக ஏறியிருந்தன. உச்சி மட்டும் எதிலோ முட்டியதுபோல் தட்டையாகி, எங்கள் தலைக்கு மேல்வரை படர்ந்திருந்தது. அந்தப் படர்ந்த மேகத்தின் அடிவயிற்றில் உருண்டை உருண்டையாகப் பைகள் தொங்கின. ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கணக்கில். பக்கவாட்டு வெயில் பட்டு ஒவ்வொன்றும் ஒரு புறம் மஞ்சள், மறு புறம் ஊதா. இருபது வருஷமாகப் பையன்களுக்கு மேகம் போடச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். மேகத்தின் கீழ்ப்புறம் தட்டையாக இருக்க வேண்டும் என்று எத்தனை பேர் காதைத் திருகியிருப்பேன்!

பெட்டியைத் திறந்தேன். போகலாங்க என்றான் சடையன். உட்கார் என்றேன். இரண்டாம் தரமும் சொன்னான், எரிந்து விழுந்தேன். அரை மணி போயிருக்கும். மூன்றாம் தரம் எனக்கு எதிரே வந்து நின்றான்.

"ஏனுங்க சாமி, இது போன வருசத்து மேகமேதானுங்க. மடி விட்டிருக்குது, ஆனா பாலில்லாத மடி. என்ற ஊட்டுக்காரி இதைப் பாத்து ஏமாந்து விதைச்சுப்போடுவாளுங்க."

எனக்குச் சுரீரென்றது. காலையெல்லாம் உம் கொட்டிக் கேட்ட கதை அப்போதுதான் மண்டையில் ஏறியது. மேகம் பாதி, வெள்ளைக் காகிதம் பாதியாகச் சுருட்டிப் பெட்டியை மூடினேன். ஓடினோம். தொந்தியோடு நானும் ஓடினேன் என்று சொன்னால் என் வீட்டில் நம்ப மாட்டார்கள்.

ஐந்து மணிக்கு அவன் காட்டுச் சரிவை அடைந்தோம். பாவாயி கையில் களைக்கொத்தோடு கடைசிப் பாத்தியை மூடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கூடை காலியாகக் கிடந்தது.

சடையன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கூடையை எடுத்து உள்ளே பார்த்தான். "பூராவுமா?" என்றான்.

"பூராவுந்தான்" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. என் பக்கம் பார்த்து, "மடி விட்ட மாட்டை நம்பாம வேற யாரைங்க நம்பறது?" என்றாள்.

நான் அண்ணாந்து பார்த்தேன். அந்தப் பைகள் ஒவ்வொன்றாகக் கரைந்து வெறும் சாம்பலாகிக்கொண்டிருந்தன. இடி எங்கோ தொலைவில் உறுமியது. சடையன் குந்தி உட்கார்ந்துவிட்டான். அதற்குள் எறும்புகள் சாரையாக ஊர ஆரம்பித்திருந்தன. ஓர் எறும்பிடமிருந்து ஒரு சாமையைப் பிடுங்கி மறுபடி மண்ணுக்குள் அழுத்தினான். நானும் உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்தேன்.

ஐந்தரைக்குக் காற்று மாறியது. மேற்கு முகட்டுக்கு மேலே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, பாயைச் சுருட்டியதுபோல் ஒரு கறுத்த மேகம் தாழ்ந்து வந்தது. அதன் கீழே எல்லாம் வெளுப்பு. எதிர்ச் சரிவு மறைந்தது. அங்கே மழை கொட்டுவது எங்கள் காதுக்குக் கேட்டது. ஆனால் நடுவிலிருந்த ஓடையை அது தாண்டவில்லை. என் கடிகாரப்படி எட்டு நிமிஷம் மழை அங்கேயே நின்றது. நாங்கள் இங்கே நின்றோம். இந்த இரண்டு பேர் வயிற்றில் அடிக்காதே என்று நான் வேண்டிக்கொண்டேன்.

பிறகு ஓடைக்கரை மரங்கள் அசைந்தன. என் வழுக்கையில் ஒரு துளி விழுந்தது. அடுத்த கணம் சடசடவென்று வந்துவிட்டது. நான் வயதையும் உத்தியோகத்தையும் மறந்து கூச்சல் போட்டேன். பாவாயி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சடையன் மட்டும் கூடையை இன்னும் கையில் பிடித்தபடி, நனைந்துகொண்டு, மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். மழை ஒன்றரை மணி நேரம் பெய்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு இறங்கக் கிளம்பினோம். திருச்சியில் இரண்டு தூற்றல் விழுந்தால் காயப்போட்ட வடாம் போச்சு என்று நான்தான் முதலில் வானத்தை வைவேன். இனி எந்த முகத்தோடு வைவது என்று யோசித்துக்கொண்டே செருப்பை மாட்டினேன். சடையன் பெட்டியைத் தூக்குமுன் காட்டுக்குள் இறங்கி ஈர மண்ணில் விரலை விட்டுப் பார்த்தான். இரண்டு கணு ஆழம் ஈரம். விரலைத் துடைக்காமலே பாவாயியிடம் வந்தான்.

"அடுத்த வருசம் எங்கிட்டக் கேக்காதே. உனக்குத் தோணுற அன்னைக்கு விதைச்சுக்கோ" என்றான்.

பாவாயி கூடையைத் தட்டி ஒட்டிய மண்ணை உதிர்த்துக்கொண்டே, "இந்த வருசம் மட்டும் கேட்டனாக்கும்?" என்றாள்.