வலையில் சிக்கிய நீல நூல்

புத்தூரில் வாகனம் திருத்தும் கராச் வைத்திருக்கும் தியாகலிங்கம் அண்ணைக்கு எதையும் எறிய மனம் வராது. யுத்தகாலப் பொருளாதாரத் தடைக்குள் தொழில் பழகியவர். ஒரு போத்தல் ஒயிலுக்கு ஊரூராய் அலைந்தவர். தடை நீங்கி இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் எந்த வாகனத்திலிருந்து ஒயில் இறக்கினாலும், சுவர் ஆணியில் தொங்கும் கட்டிப் பழசான நீலச் சாரத் துணித் துண்டில் வடித்துப் போத்தலில் அடைப்பார். கடையில்தான் தாராளமாகக் கிடக்கிறதே என்றால், "நாளைக்கும் கிடக்குமெண்டு ஆர் சொன்னது?" என்பார். பிறகு எரிபொருளுக்கு நாங்கள் எல்லோரும் நாள்கணக்கில் வரிசையில் நின்றபோது அவர் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சென்ற மாதம் என் தோட்டத்து வோட்டர் பம்மைத் திருத்தக் கொண்டுபோயிருந்தேன். அப்போது கொலின்ஸ் பிக்கப்புடன் வந்தான். குருநகர்க்காரன்; சாவகச்சேரிச் சந்தைக்கு மீன் ஏற்றுகிறவன். யுத்தத்தில் செல் குண்டின் துண்டு பட்டதில் இடது கைக்குப் பாதிப் பலம்தான். ஒயில் அழுத்தத்தில் லேசாகத் திரும்பும் பவர் ஸ்ரியரிங்கின் புண்ணியத்தில்தான் அவன் பிழைப்பு ஓடியது.

"விக்கப்போறன் அண்ணை. நாளைக்கு ஆள் வந்து பாக்குது. எல்லாம் சரியோ எண்டு ஒருக்காப் பாத்துத் தாங்கோ."

"ஏன்ரா விக்கிறாய்?"

கொலின்ஸ் தோளைத் தடவினான். "கை விட்டிட்டுது. அஞ்சு மாசமா வளைவுகளிலை திருப்பேலாமல் கிடக்கு, வரவர மோசம். வீட்டிலை மனிசி ஸ்ரெல்லாவுக்கும் இன்னும் சொல்லேல்லை."

அண்ணை ஏறி, ஸ்ராட் பண்ணி, ஸ்ரியரிங்கைக் கடைசிவரை திருப்பினார். பொனற்றுக்குள் ஏதோ முனகியது.

"கையை ஏன் குறை சொல்லுறாய்? எனக்கே இறுகுதடா."

கொலின்ஸ் அவரை நம்பாமல் பார்த்தான். அவனைத் தவிர வேறு யாரும் அந்த வாகனத்தை ஓட்டுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறுகியதால் பழுது வாகனத்தில் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை.

அண்ணை ரயர்களைப் பார்த்தார், காற்று இருந்தது. பெல்ற்றைப் பெருவிரலால் அழுத்தினார், தளரவில்லை. முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டுச் சில்லைத் திருப்பினார். லேசாகத் திரும்பியது.

"கீழை ஒண்டும் பிடிக்கேல்லை. ஸ்ரியரிங் பம்முக்குத்தான் ஒயில் போய்ச் சேரேல்லை."

ஒயில் தாங்கியைத் திறந்தார். அளவு சரி, ஆனால் நுரைத்திருந்தது. அடியில் ஒயில் வடிந்து போகும் சின்ன வலையைக் கழற்றி எடுத்தார். வலை முழுக்கப் பஞ்சுபோல ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்தார். நீல நூல்.

நான் ஆணியைப் பார்த்தேன். அண்ணையும் பார்த்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் சறுக்கியதை யானை ஊருக்குச் சொல்லாது. நானாக இருந்தால் ஊத்தை அடைத்திருக்கிறது என்று சொல்லித் துடைத்துவிட்டிருப்பேன்.

"இஞ்சை வா கொலின்ஸ். இது என்ரை சாரத்து நூல். ஈஸ்ரருக்குப் பிறகு ஸ்ரியரிங் ஓஸ் குழாய் மாத்தினனாங்களெல்லே? அப்ப உன்ரை ஒயிலை வடிச்சுத் திரும்பவும் நான்தான் விட்டனான். நல்ல ஒயில், கீழை ஊத்த மனம் வரேல்லை. உன்ரை கையிலை ஒரு பிழையுமில்லை."

கொலின்ஸ் இடது கையை விரித்துப் பார்த்தான்.

"அஞ்சு மாசம், அண்ணை. இந்தக் கைக்காக யாகப்பர் கோயிலுக்கு எத்தினை நேர்த்தி வைச்சன்! இரவிலை இந்தக் கையை நானே அடிச்சிருக்கிறன்."

அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். அறுபது வயது மனிதர் அப்படி நிற்பதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் அதைவிடப் பாவம் கொலின்ஸ்.

அண்ணை போய்ச் சாரத் துண்டை இழுத்தெடுத்துக் குப்பைக்குள் எறிந்தார். பழைய ஒயிலை முழுக்க இறக்கிக் கழிவுப் பீப்பாய்க்குள் ஊற்றினார். வலையைக் கழுவிப் பூட்டி, முத்திரை உடைக்காத போத்தலை எடுத்துப் புது ஒயில் விட்டார். ஸ்ரியரிங்கை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பலதடவை திருப்பி, உள்ளே சிக்கிய காற்றைப் போக்கினார். முனகல் நின்றது.

கொலின்ஸ் ஏறினான். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் மட்டும் முற்றத்தில் ஒரு வட்டம் அடித்தான். பிறகு இன்னொன்று. மூன்றாவது வட்டத்தில் அவன் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தான்.

"காணுமடா, நிப்பாட்டு, ரயர் தேயுது," என்றார் அண்ணை. கண்ணைத் துடைக்கச் சுவர்ப்பக்கம் கையை நீட்டினார். ஆணியில் ஒன்றும் இல்லை.