எலும்பில்லாத பிராணியும் நம்பர் விழாத கதவும்

காலையில் அடையாறு பஸ் ஸ்டாப்பில் நின்றபடி போனில் படித்தேன். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் நன்னீரில் வாழ்ந்து அழிந்துபோன ஒரு பிராணி. எலும்பு கிடையாது, கல்லில் அச்சு மட்டும் இருக்கிறது. புழுவா, மீனா, நத்தையா என்று இன்னும் தெரியவில்லையாம். சிரிப்பு வந்தது.

அப்போது பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார். "எங்கடா கீற? கதவுக்கு நம்பர் போட்டுக்கினு வராங்க. உன் வூட்ட மட்டும் வுட்டுட்டுப் போறாங்க."

எங்கள் ஆற்றோரத்தில் கதவில் நம்பர் விழுந்தால், வீட்டை இடித்துவிட்டு ஊருக்கு வெளியே வேறு வீடு தருவார்கள். விழாவிட்டால் இடிப்பு மட்டும்தான்.

ஓடினேன்.

கணக்கெடுக்க வந்திருந்த அலுவலர் பொறுமையாகத்தான் சொன்னார். "தனி வீடா, முன்வீட்டோட சேர்ந்ததான்னு தெரியல தம்பி. எந்த வகையில சேக்கறதுன்னு மேல கேக்கணும்."

"அதுக்குள்ள இடிச்சுட்டா, சார்?"

அவர் அடுத்த கதவுக்குப் போனார். அழிந்து முடிந்த ஒன்றுக்கு உலகமே உட்கார்ந்து வகை தேடுகிறது. உயிரோடு வாசலில் நிற்கும் அம்மாவுக்கு வகை இல்லை.

அம்மா மெதுவாகச் சொன்னாள். "முன்வூட்டு நம்பரயே போட்டு, பின்னால ஒரு 'ஏ' சேத்துக்கலாம் நைனா."

அவர்கள் அடித்தது நீல பெயிண்ட். யாரிடமாவது மிச்சம் இருந்தால் சொல்லுங்கள்.